அலமாரி வாசனை

என் தங்கைக்கு மூன்று வாரங்களுக்கு முன் ஆண் குழந்தை பிறந்தது. நான் பெரியம்மா ஆகிவிட்டேன் என்பதைக் காலை நிகழ்ச்சியில் எத்தனை தடவை சொன்னேன் என்று நேயர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். "போதும்மா, எங்களுக்கும் பேரப்பிள்ளைங்க இருக்காங்க" என்று ஒரு பாட்டி வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பிவிட்டார். அதனால் குழந்தையின் மூக்கு யார் சாயல் என்ற ஆராய்ச்சியை இந்த வாரம் விட்டுவிடுகிறேன். ஒரு வாசனையைப் பற்றி எழுதுகிறேன்.

பிறந்த மறுநாள் தாதி ஒரு சின்ன அட்டையைத் தங்கையிடம் கொடுத்தார். தம்பிக்கு 'ஜி6பிடி குறைபாடு' இருக்கிறது, எந்த மருத்துவரிடம் போனாலும் இதைக் காட்டுங்கள் என்றார். அட்டையில் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல். சில மருந்துப் பெயர்கள், ஒரு வகை அவரை, அதற்குக் கீழே அந்துருண்டை. தங்கை அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். "அக்கா, அந்துருண்டைக்கும் என் பிள்ளையோட இரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

நான் படித்தது ஊடகத் துறை. அறிவியல் எனக்கு உயர்நிலைப் பள்ளியோடு முடிந்துவிட்டது. உயிரணுவின் படத்தை வரைந்து, உட்கரு, மைட்டோகாண்டிரியா, ரைபோசோம் என்று கோடு இழுத்துப் பெயர் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு வட்டம் போட்டு 'சவ்வு' என்று எழுதுவோம். உள்ளே இருப்பதெல்லாம் முக்கியம், வட்டம் வெறும் வேலி என்பதுதான் என் நினைப்பு.

மூன்றாம் நாள் தம்பியின் கண்ணும் உடம்பும் மஞ்சளாயின. நீல விளக்கின் கீழ் படுக்க வைத்து, கண்ணில் ஒரு துணி மறைப்பைக் கட்டினார்கள். கடற்கரையில் வெயில் காயும் சுற்றுப்பயணி மாதிரி ஜட்டியோடு படுத்திருந்தான். தங்கை அழுதுகொண்டே இருந்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் இரண்டு இரவு உட்கார்ந்து, கைப்பேசியில் படித்துப் படித்து, காலையில் மருத்துவரைக் கேள்வி கேட்டுத் துளைத்து நான் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வானொலியில் இரண்டு பாட்டுக்கு நடுவே இதைச் சொல்ல முடியாது.

சிவப்பணு ஒரு விசித்திரமான உயிரணு. எலும்பு மஜ்ஜையில் அது உருவாகத் தொடங்கும்போது மற்ற உயிரணுக்களைப் போலத்தான் எல்லாம் இருக்கும். உத்தரவுகளை வைத்திருக்கும் உட்கரு, அந்த உத்தரவுப்படி புரதம் செய்யும் ரைபோசோம், சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியா, கழிவைச் செரிக்கும் லைசோசோம். வளர வளர அது ஹீமோகுளோபினைச் செய்து நிரப்பிக்கொண்டே போகிறது. கடைசியில், இடம் போதாமல் வீட்டுச் சாமான்களை வெளியே வைப்பவரைப் போல, உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு மைட்டோகாண்டிரியாவும் ரைபோசோமும் போய்விடுகின்றன. முதிர்ந்த சிவப்பணுவில் மிஞ்சுவது சவ்வு, கிட்டத்தட்ட 270 மில்லியன் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், அவற்றோடு கொஞ்சம் நொதிகள். பள்ளியில் நான் கோடு இழுத்துப் பெயர் எழுதிய எதுவுமே அதற்குள் இல்லை. வேலி மட்டும் இருக்கிறது.

இவ்வளவையும் இழந்ததில் ஒரு லாபம் உண்டு. சிவப்பணுவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு எட்டுப் பங்கு. அது நுழைய வேண்டிய நுண்குழாய்கள் சில அதைவிடக் குறுகலானவை. உள்ளே கெட்டியான உட்கரு இல்லாததால் மடிந்து, நெளிந்து, நுழைந்து, மறுபக்கம் வந்து பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். பெரியவர்கள் உடம்பில் ஏறத்தாழ 120 நாள் இதே வேலை. கைக்குழந்தைகளின் சிவப்பணுவுக்கு ஆயுள் அதைவிடக் குறைவு.

உள்ளே வேறு எதுவும் இல்லாததால்தான் சவ்வு என்றால் என்ன என்பதையே மனிதன் சிவப்பணுவிடமிருந்து கற்றுக்கொண்டான். 1925இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கோர்ட்டர், கிரென்டல் என்ற இருவர், சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்துத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாகப் பரப்பினார்கள். ஏட்டின் பரப்பளவு, அந்த அணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. அப்படியானால் சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும் என்றார்கள். மற்ற உயிரணுக்களில் உள்ளே இருக்கும் உறுப்புகளுக்கும் தனித்தனிச் சவ்வு உண்டு, கணக்கு குழம்பிப்போகும். சிவப்பணுவில் அந்தத் தொல்லை இல்லை. இதில் ஒரு வேடிக்கை, அவர்கள் கணக்கில் இரண்டு தவறுகள் இருந்தன. கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்து மதிப்பிட்டார்கள். ஒரு தவறு இன்னொன்றைச் சரிக்கட்டி, விடை சரியாக வந்துவிட்டது. என் கணக்குப் பரீட்சையில் ஒருமுறைகூட இப்படி நடந்ததில்லை.

எனக்குப் பிடித்த தகவல் வேறு ஒன்று. கோர்ட்டர் ஒரு குழந்தை மருத்துவர்.

அந்த இரண்டடுக்கின் மொத்தக் கனம் சுமார் 5 நானோமீட்டர். நாம் எழுதும் தாள் ஒன்றின் கனத்துக்குள் இப்படி 20,000 சவ்வுகளை அடுக்கலாம். அதுவும் பிளாஸ்டிக் பை மாதிரி இறுகிய பொருள் கிடையாது. எண்ணெய்ப் படலம் போலத் திரவத் தன்மை கொண்டது. அதில் புரதங்கள் மிதக்கின்றன என்று 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் சொன்னார்கள். சிவப்பணுவில் இந்தப் படலத்தை உள்பக்கமிருந்து ஒரு புரத வலை தாங்குகிறது. மடிந்து நிமிரும் வித்தையெல்லாம் அந்த வலையும் படலமும் சேர்ந்து செய்வது.

சரி, தங்கை கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

உயிர்வாயு உயிர் காக்கும், ஆனால் இரும்பைத் துருப்பிடிக்கவும் வைக்கும். வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்கும் சிவப்பணுவுக்குள் துரு மாதிரியான சேதம் நடந்துகொண்டே இருக்கிறது. அதைத் துடைப்பது குளூட்டத்தயோன் என்ற ஒரு சின்ன மூலக்கூறு. ஒருமுறை துடைத்தால் அது அழுக்காகிவிடும். மறுபடி பயன்பட, அதைப் பிழிந்து சுத்தம் செய்ய வேண்டும். அதற்கான சக்தி ஒரு நீண்ட வேதியியல் வரிசையில் கிடைக்கிறது. அந்த வரிசையின் முதல் ஆள்தான் குளூக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜெனேஸ், சுருக்கமாக ஜி6பிடி. மற்ற உயிரணுக்களில் இந்த நொதி குறைந்தால் வேறு வழிகள் உண்டு. மைட்டோகாண்டிரியா கைகொடுக்கும். உட்கருவும் ரைபோசோமும் சேர்ந்து புதிதாக நொதியைச் செய்துகொள்ளும். சிவப்பணுவோ அவற்றை எல்லாம் என்றைக்கோ வெளியே தள்ளிவிட்டது. பிறந்தபோது கையில் இருந்த நொதியை வைத்துத்தான் கடைசி நாள் வரை ஓட்ட வேண்டும். தம்பியின் சிவப்பணுக்களில் அந்த நொதி ஆரம்பத்திலேயே குறைவு.

சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது. இந்தக் குறைபாடு உள்ளவர்கள் உலகில் ஏறத்தாழ 400 மில்லியன் பேர் இருக்கிறார்கள். பலர் அது இருப்பதே தெரியாமல் ஓடியாடி வேலை செய்து, தாத்தா ஆகி, பேரனைக் கொஞ்சுகிறார்கள். வெளியிலிருந்து ஏதாவது ஒரு பொருள் வந்து துருவைத் திடீரென்று பல மடங்காக்கும்போதுதான் சிக்கல். சில மலேரியா மருந்துகள் அப்படிப்பட்டவை. 1956இல் இந்தக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டதே, பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்தை அமெரிக்கச் சிறைக் கைதிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான். அது ஒரு சங்கடமான வரலாறு, இன்னொரு வாரம் எழுதவேண்டியது.

அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனும் அப்படித்தான். அது ஆவியாகி மூச்சில் போகும், துணியில் ஒட்டிக்கொண்டு தோல் வழியாகவும் போகும். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் கொழுப்பாலான சவ்வு அதற்குப் பெரிய தடை இல்லை. உடம்புக்குள் அது வேறு பொருளாக மாறி, சிவப்பணுவின் ஹீமோகுளோபினைச் சிதைக்கிறது. சிதைந்த ஹீமோகுளோபின் உருண்டு திரண்டு சவ்வின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். மடிந்து நிமிர்ந்த சவ்வு விறைத்துப்போகும். மண்ணீரலின் குறுகலான சந்துகளில் நுழைய முடியாமல் மாட்டிக்கொள்ளும். அங்கே இருக்கும் துப்புரவு அணுக்கள் அதைக் கடித்துத் தின்றுவிடும். சில, இரத்தக் குழாயிலேயே வெடித்துவிடும். சிறுநீர் பாலில்லாத் தேநீர் நிறத்தில் போவது அப்போதுதான்.

உடைந்த ஹீமோகுளோபினிலிருந்து வருவதுதான் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள். பெரியவர்களின் கல்லீரல் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றி வெளியே அனுப்பிவிடும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் பிடிபடவில்லை. மாற்றப்படாத பிலிருபினும் கொழுப்பில் கரைவது. அளவு மிக அதிகமானால் மூளைக்குள் புகுந்துவிடும். காது கேளாமல் போகலாம், கை கால் கட்டுப்பாடு போகலாம், உயிரே போகலாம். நீல ஒளி என்ன செய்கிறது என்றால், தோலுக்கு அடியில் இருக்கும் பிலிருபினின் வடிவத்தையே மாற்றி, கல்லீரலுக்காகக் காத்திராமல் வெளியேற வைக்கிறது. 1950களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஒரு தாதி, வெயிலில் வைத்திருந்த குழந்தையின் உடம்பில் மஞ்சள் குறைந்ததையும், துணி மூடிய இடத்தில் மட்டும் அப்படியே இருந்ததையும் கவனித்தார். அங்கிருந்துதான் இந்த விளக்கு வந்தது. 'காலை வெயிலில் காட்டு' என்ற நம் பாட்டிகளின் பேச்சு இங்கே ஞாபகம் வரும். ஆனால் மஞ்சள் அதிகமாக இருக்கும் குழந்தையை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, அது விளக்குக்கு ஈடாகாது என்று மருத்துவர் எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனையை 1965 முதல் செய்கிறார்கள். அதற்குக் காரணமானவர்களில் முதன்மையானவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூன். மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கி இங்கே குழந்தைகள் இறந்துகொண்டிருந்த காலம் அது. மலேசியாவிலும் 1980களில் இந்தச் சோதனை வந்துவிட்டது. அந்தச் சின்ன அட்டைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

தம்பி ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தான். அன்று காலைதான் அம்மாவும் ஈப்போவிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய பை, இன்னொரு கையில் புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே. பையைத் திறந்தார். வீவக வீட்டின் வரவேற்பறை முழுக்க அந்த வாசனை. வாசகர்கள் பலருக்கும் தெரிந்த வாசனைதான். பீரோ, பட்டுப் புடவை, தீபாவளி. எனக்கு அது பாட்டி வீட்டு வாசனை.

பையில் இருந்தது பாட்டியின் பழைய நூல் புடவைகள். துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆனவை. பிள்ளைக்குத் துண்டு, தூளி, படுக்கை விரிப்பு எல்லாம் அதில்தான் என்று அம்மா ஒன்பது மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பையை மூடி, தூக்கிக்கொண்டு போய் வெளித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அம்மாவின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

"உங்க ரெண்டு பேரையும் இதுல சுத்தித்தான்டி வளர்த்தேன். உங்களுக்கு என்ன ஆச்சு?"

நியாயமான கேள்வி. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் குறைபாட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் கோளாறு இருந்தாலும் இன்னொன்று பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆண் பிள்ளைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தாயிடமிருந்து வருவது. தங்கையிடமிருந்து தம்பிக்கு வந்திருக்கிறது. தங்கைக்கு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கும். இதை நான் நிகழ்ச்சி நடத்தும் குரலில் அழகாக விளக்கினேன். அம்மா பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அன்று மதியம் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. நாப்தலீன் எண்ணெயில் கரையும். எண்ணெய் தேய்த்த தோலில் அந்தத் துணி பட்டால் இன்னும் எளிதாக உள்ளே போகும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பெட்டியிலிருந்து எடுத்த பழைய புடவையில் சுற்றுவது. இதைவிட மோசமான சேர்க்கையை நாம் திட்டம் போட்டே செய்திருக்க முடியாது. ஒரு தடவை துவைத்தால் போய்விடுமா என்று தங்கை கேட்டாள். வாசனை இருக்கும் வரை பொருளும் இருக்கிறது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது விற்கும் சில அந்துருண்டைகளில் நாப்தலீன் இல்லை, வேறு ரசாயனம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பத்து வருடம் பெட்டிக்குள் கிடந்த உருண்டை எதுவென்று யார் கண்டது?

மருதாணியையும் சொல்லிவிடுகிறேன். அதன் சிவப்புக்குக் காரணமான பொருள், நாப்தலீன் உடம்பில் மாறி உண்டாகும் பொருளுக்கு நெருங்கிய உறவு. இந்தக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு மருதாணி பூசி இரத்தம் உடைந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. முதல் தீபாவளிக்குப் பிஞ்சுக் காலில் பொட்டு வைத்துப் படம் எடுக்கும் ஆசை எனக்கும் இருந்தது. கச்சாங் பூத்தேயில் கலந்து வரும் பெரிய பட்டை அவரை, ஆங்கிலத்தில் பிராட் பீன்ஸ், மலாயில் காச்சாங் பாராங், அதுவும் அட்டையில் இருக்கிறது. நம் வீட்டு மொச்சை வேறு செடி. தாய்ப்பால் கொடுக்கும் வரை தங்கையும் அந்த அவரையைச் சாப்பிட வேண்டாம் என்றார் மருத்துவர். அம்மா வாங்கி வந்த பொட்டலத்திலிருந்து அதைப் பொறுக்கித் தின்னும் பொறுப்பைத் தங்கையின் கணவர் ஏற்றுக்கொண்டார்.

இரவு. தங்கையும் குழந்தையும் தூங்கிவிட்டார்கள். அம்மா கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கோபம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"எனக்குப் பின்னால ஒரு தம்பி பொறந்தான், தெரியுமா?" என்றார்.

தெரியாது. முப்பத்து நாலு வயதில் முதல் முறையாகக் கேட்கிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், 1963இல். நல்ல எடையோடு பிறந்தானாம். ஏழாம் நாள் போய்விட்டான். மஞ்சளாக இருந்தான், பால் குடிக்கவில்லை, உடம்பை வில்லாக வளைத்தான் என்று பாட்டி சொல்வாராம். தோட்டத்தில் சிலர், பாட்டி தீட்டு வீட்டுக்குப் போய் வந்ததால்தான் என்றார்களாம். பாட்டி சாகும் வரை அதை நம்பினார்.

"அவனையும் பெட்டிப் புடவையிலதான் சுத்தி வெச்சிருந்தாங்க" என்றார் அம்மா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு மஞ்சள் வர எத்தனையோ காரணங்கள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பாட்டியிடமிருந்து அம்மா, அம்மாவிடமிருந்து தங்கை, தங்கையிடமிருந்து தம்பி என்று ஒரு கோடு போகலாம். அப்பா பக்கமிருந்தும் வந்திருக்கலாம். இதைத்தான் மெதுவாகச் சொன்னேன், இந்த முறை வானொலிக் குரல் இல்லாமல்.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ அது தீட்டு இல்லை" என்றார். கேள்வியா, பதிலா, தெரியவில்லை.

மறுநாள் தேக்காவுக்குப் போய் மெல்லிய வெள்ளைத் துணி ஐந்து மீட்டர் வாங்கிவந்து, வெந்நீரில் அலசி, கையாலேயே ஓரம் தைத்தார். பாட்டியின் புடவைகள் இன்னும் தாழ்வாரத்துக் கொடியில்தான் காய்கின்றன. தம்பிக்கு இல்லை, தான் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார். அட்டையின் நகல் ஒன்று அவர் பணப்பையில் இருக்கிறது.

நேற்று வேலை முடிந்து போனபோது அம்மா கைப்பேசியில் இருந்தார். சுங்கை சிப்புட்டில் இருக்கும் சித்தியோடு. சித்தி மகளுக்குத் தை மாதம் பிரசவம்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நீ முதல்ல எழுந்து போய் அந்தத் தகரப் பெட்டியைத் திற. என்ன வாசனை வருதுன்னு சொல்லு. நான் லைன்லதான் இருக்கேன்."